மேலே மிதந்த எண்ணெய்

மீன் குஞ்சுப் பண்ணையில் அவளுக்கு மயக்கக்காரி என்று பெயர். வேறு இடத்தில் ஒரு பெண்ணை இப்படிக் கூப்பிட்டால் செருப்படி விழும். இங்கே அது ஒரு பதவி. பதினாலு வருஷத்துக்கு முன்னால், ஐஸ் கம்பெனியில் இறால் உரித்துக்கொண்டிருந்தவள் தொட்டி கழுவ வந்தாள். முட்டை எடுக்கும்போது ஒரு தாய்மீன் வாலால் அறைந்து முன்னிருந்தவரின் பல்லைப் பெயர்த்துவிட, முட்டை எடுக்குமுன் மீனை மயக்கும் வேலை இவள் தலையில் விழுந்தது.

கிராம்பு எண்ணெயில் இருக்கிற யூஜெனால்தான் மருந்து. பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைப்போமே, அதே சமாச்சாரம். தண்ணீரில் அளவாகக் கலந்தால் செவுள் வழியே உள்ளே போகும். மூன்று நிமிடத்தில் மீன் மல்லாந்துவிடும், மூச்சு மட்டும் ஓடும். அளவு மீறினால் மூச்சும் தூங்கிவிடும்.

கையுறை அவளுக்கு ஒத்துவரவில்லை. எண்ணெயில் ஊறி ஊறி விரல்நுனி மரத்து, தோல் வெடித்துக் கிடந்தது. "அம்மா, நீ வந்தாலே பல் டாக்டர் வந்த மாதிரி இருக்கு" என்பாள் மகள். பண்ணையிலேயே எடை எழுதும் நாத்தனார் இன்னும் மோசம்.

"அண்ணி, எங்க அண்ணன் குறட்டைக்கு எத்தனை சொட்டு?"

"உங்க அண்ணனுக்குச் சொட்டு பத்தாதுடி, பீப்பாய் வேணும்."

அன்று எட்டுத் தாய்மீன்கள். முட்டை பழுக்க முந்தின நாளே ஊசி போட்டாயிற்று. முட்டை பழுத்தபின் ஒரு மணி நேரம்தான். அதற்குள் எடுக்காவிட்டால் வயிற்றிலேயே கெட்டுவிடும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

எண்ணெய் தண்ணீரோடு லேசில் சேராது. வெந்நீரில் விட்டு, பாட்டில் பால்போல வெளுக்கும்வரை குலுக்கித்தான் தொட்டியில் ஊற்றுவாள். கரண்ட் இல்லாமல் கெட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது.

"என்னம்மா, இன்னுமா?" முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெந்நீர் இல்லைங்க."

"பச்சைத் தண்ணியில குலுக்கேன். மீனுக்கென்ன காபியா போடுறோம்?"

குலுக்கினாள். வெளுத்த மாதிரிதான் இருந்தது. ஊற்றினாள். ஐந்து நிமிடம் ஆயிற்று, எட்டு நிமிடம் ஆயிற்று. மீன்கள் அதுபாட்டுக்கு நீந்தின. மேலே எண்ணெய் கண்ணு கண்ணாக மிதப்பதை அவளும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இன்னொரு அளவை ஊற்றினாள்.

கரண்ட் வந்தது. காற்றுக் குழாய்கள் தாமாகவே குமிழி விட்டன. மிதந்ததெல்லாம், இரண்டு அளவும், ஒன்றாகக் கலங்கி உள்ளே இறங்கியது.

"அண்ணி, எல்லாம் படுத்திடுச்சு!" நாத்தனார் சந்தோஷமாகச் சொன்னாள்.

அவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள். எட்டும் மல்லாந்து கிடந்தன. ஒரு செவுளும் அசையவில்லை.

"தூக்குடி! நல்ல தண்ணித் தொட்டிக்குத் தூக்கு!"

வாயைத் திறந்து பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். நல்ல தண்ணீர் செவுளுக்குள் புகுந்து புறப்பட்டால்தான் மருந்து வெளியேறும். கை நீளம் இருக்கிற மீன். ஒரு ஆளுக்கு ஒன்றுதான் முடியும். மீன் எட்டு, ஆள் மூன்று.

"எதை முதல்ல எடுக்க?"

"கைக்கு வந்ததை எடுடி!"

முதலாளி பேண்ட்டோடு தொட்டியில் இறங்கினார். அவள் ஒரு மீனைத் தள்ளியபடி இடுப்பளவுத் தண்ணீரில் சுற்றிச் சுற்றி வந்தாள். செவுள் துடிக்கிறதா? மரத்த விரலுக்குத் தெரியவில்லை. தலையைச் சாய்த்துக் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. எதிர்க் கடையில் ஒரு சொம்பு வெந்நீர் கேட்டிருந்தால் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்கள்? பத்தடி தூரம். பத்தே அடி.

"மூச்சு விடு சனியனே. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன், விடு."

கன்னத்தில் என்னவோ இடித்தது. இன்னொரு தடவை. அதை நாத்தனார் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததைப் பிடித்தாள்.

ஐந்து பிழைத்தன. மூன்று விறைத்துவிட்டன. அந்த மூன்றின் வயிற்றை முதலாளி அமுக்கிப் பார்த்தார்; முட்டை ரத்தம் கலந்து வந்தது. கையை உதறிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"மிச்சம் அஞ்சையாவது மேசைக்குக் கொண்டா. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"இப்பத்தான் மூச்சு வருதுங்க. வெளியே எடுத்து அமுக்கினா தாங்காது."

"எடுக்கலைன்னா முட்டை பாழு. இந்தப் பருவத்துக்குக் குஞ்சே இல்லை. தெரியுதா?"

"தெரியுதுங்க." அவள் மீனை விடவில்லை. "முட்டை போகட்டும். மீனு இருந்தா அடுத்த பருவத்துக்கு ஆகும்."

நாத்தனார் முதலாளியைப் பார்க்காமல் தன் மீனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இந்த வேலைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததே அண்ணிதான்.

முதலாளி தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறினார். செத்த மூன்றையும் பார்த்தார்.

"அடுத்த பருவத்துக்கு மீனு இருக்கும்" என்றார். "நீ இருப்பியா?"

அவள் கையில் இருந்த மீன் மறுபடி சாயத் தொடங்கியிருந்தது. வாயைத் திறந்து பிடித்து, முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தாள்.