பெயர் கூப்பிடாத கோர்ட்

"தப்பு செய்யாதவர் எதுக்கும்மா போலீசுக்குப் பயப்படணும்?" என்று மாடிவீட்டுக்காரி கேட்கிறாள். அவளுக்கு வாய் இருக்கிறது, கேட்கிறாள். என் தம்பி பயந்தது அவனுக்காக இல்லை, எனக்காக. அதை அவள் முதலில் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் டவாலியாக இருந்தவன். வாசலில் நின்று வழக்குக்காரர்கள் பெயரைக் கூப்பிடுவதுதான் வேலை. அந்தக் குரலுக்குத் தெருவே வைத்த பெயர் மைக்செட். பெண்டாட்டி போன பிறகு எனக்கு அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறான். சாப்பாடு என் அடுப்பிலிருந்து.

ஒரு திங்கட்கிழமை அவன் போனில் காக்கிச்சட்டை தெரிந்தது. "உன் பேர்ல போதை மருந்து பார்சல் வந்திருக்கு. கேமராவை விட்டு நகரக் கூடாது. வெளியே சொன்னா உன் அக்காவையும் உள்ளே தள்ளுவோம்" என்றார்களாம். காக்கியைக் கண்டால் எழுந்து நின்றே பழகிய உடம்பு, எழுந்து நின்றுவிட்டது. போனை நாற்காலியில் சாய்த்துவைத்து, அதன் முன்னாலேயே மூன்று நாள். நான் கதவைத் தட்டினால், "காய்ச்சல்க்கா, கிட்ட வராதே" என்பான். வாசலில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

திரையில் காவலுக்கு இருந்த போலிப் போலீசுக்கு விடாத இருமல். "சுடுதண்ணி குடிங்க ஐயா" என்று சொல்லியிருக்கிறான் இந்தப் பைத்தியக்காரன். அவனும் குரலைத் தாழ்த்தி, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றானாம்.

புதன்கிழமை கறுப்பு அங்கியோடு ஒருத்தர் திரையில் வந்து உட்கார்ந்தார். நீதிபதியாம். "ஓய்வுப் பணம் முழுசையும் சோதனைக்கு நாங்க சொல்ற கணக்குக்கு அனுப்பணும். இது உத்தரவு."

தம்பி கைகட்டியபடி, "ஐயா, என் வழக்கை இன்னும் கூப்பிடலையே" என்றான்.

"என்னத்தைக் கூப்பிடணும்?"

"பேரை. மூணு தடவை. கூப்பிடாம எந்த ஐயாவும் உத்தரவு போட்டு நான் பார்த்ததில்லை."

"வாயை மூடு!"

இருமல்காரனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சிரிப்பில்தான் என் தம்பிக்கு மண்டையில் உறைத்தது.

"சரி, நானே கூப்பிடுறேன்" என்று தன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டான் பாருங்கள், துணி அலசிக்கொண்டிருந்த நான் வாளியை உருட்டிவிட்டு ஓடினேன்.

கதவு திறந்தது. உள்ளே போன் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. பொத்தான் மாறிப் போட்ட சட்டையோடு படியிறங்கி வந்தவன், "அக்கா, பசி உயிர் போகுது" என்றான்.

"காய்ச்சலாடா உனக்கு?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். வைத்த கையாலேயே பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.