ஒயர் இல்லாத மெஷின்

யாராவது ஒரு சாமானைக் காட்டி "இது எப்படி?" என்று கேட்டால் இப்போதெல்லாம் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்தே சொல்கிற பொய். முப்பது வருடம் தச்சு வேலை பார்த்தவனுக்கு ஒரு டிரில் நல்லதா கெட்டதா என்று தெரியாமல் போகுமா? தெரிந்ததை வாய்விட்டுச் சொன்னதில்தான் எல்லாம் வந்தது.

அந்த டிரில்லை வாங்கிக் கொடுத்தது என் மனைவி. எங்கள் வீடு திருத்தங்கலில். அவள் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிற ரூமில் வேலை பார்த்தாள். என் வலது கை தோளுக்கு மேலே எழும்பாமல் போனதைப் பார்த்துவிட்டு, தீபாவளி போனஸ் வந்ததும் கையடக்கமாக ஒரு பேட்டரி டிரில் எடுத்து வந்தாள். தனக்கென்று ஒரு சேலைகூட எடுத்துக்கொள்ளவில்லை. "தோளு வலிக்கு, தோளு வலிக்குன்னு தெனமும் பாட்டுப் பாடுறீகல்ல, இனிமே இது சுத்தட்டும்" என்றாள்.

எனக்குப் புதுச் சாமான் எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. ஒரு மாதம் அதைப் படாத பாடு படுத்தினேன். தேக்கில் ஓட்டினேன், வேம்பில் ஓட்டினேன், முடிச்சு விழுந்த வாகைப் பலகையில் வேண்டுமென்றே ஓட்டினேன். பிட்டை மாட்டிச் சுற்றவிட்டால் நுனி லேசாக ஆடியது, மன்னிக்கலாம். கழுத்தில் இருக்கிற நம்பர் வளையத்தைக் குறைத்து வைக்காவிட்டால் பித்தளை ஸ்குரூவின் தலையைத் திருகி எடுத்துவிடும். அதனால் முதலில் ஓர் இரும்பு ஸ்குரூவை ஏற்றி வழி பண்ணி, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையை ஏற்ற வேண்டும். கட்டட வேலைக்குக் கொண்டுபோனால் செங்கல் வரைக்கும் சரி, கான்கிரீட்டைத் தொட்டால் அழும். பைக் பெட்டிக்குள் கிடந்து காய்ந்த பேட்டரி, சூடு ஆறுகிற வரை சார்ஜ் ஏற மறுத்தது. விருதுநகர் வெயிலில் மனுசனுக்கே எதுவும் ஏறாது, அதைப் போய் என்ன குறை சொல்வது? கூட்டிக் கழித்துப் பார்த்தால் நல்ல மெஷின். ஏணி மேல் நின்று, வலியில்லாமல், ஒரே கையால் ஒரு ஜன்னல் சட்டத்தை முடுக்கி முடித்த அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். மனைவியின் கம்பெனி ஆபீஸில் ஒரு மேஜை டிராயருக்குப் பூட்டு மாட்டப் போயிருந்தபோது போர்மேன் பார்த்துவிட்டு, "என்ன ஆசாரி, துப்பாக்கி மாதிரி வச்சிருக்கீக?" என்றார். சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். "ஒயரே கெடையாது அண்ணாச்சி. எங்கன வேணும்னாலும் கொண்டு போகலாம்" என்றேன். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எங்கள் பக்கத்தில் மருந்து ரூமுக்குள் போகிறவள் செருப்பை வெளியே விடுவாள். செல்போன் கேட்டிலேயே தங்கிவிடும். உடம்பில் தேங்கிய கரன்ட் இறங்குவதற்காக, வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் காலை உள்ளே வைப்பாள். கரன்ட் ஒயர் அந்த ரூமை எட்டிப் பார்க்கக் கூடாது. அம்புட்டுப் பயம். ஆனால் அந்தப் பயம் முழுவதும் ஒயர் மேலேயே போய்விட்டது. ஒயர் இல்லையென்றால் கரன்ட் இல்லை, கரன்ட் இல்லையென்றால் பொறி இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அடுத்த தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்தபோது, ஒரு மதியம் ஒரு வீட்டில் மர அலமாரிக்குள் தலையை விட்டு, பின்பலகையில் துளை போட்டேன். உள்ளே இருட்டு. டிரில்லின் பக்கவாட்டில் காற்றுக்காக விட்டிருக்கிற ஓட்டைகளுக்குள் நீலமாகப் பொறி பறந்தது. மோட்டாருக்குள் கார்பன் உரசுகிற இடம் அது. வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இத்தனை நாளும் பறந்திருக்கிறது. நான் ஒன்றும் பதறவில்லை, அலமாரி வெடிக்கப்போவதில்லையே.

அன்று சாயங்காலம் கம்பெனி வேனில் வந்து இறங்கிய மனைவி பெருமையாகச் சொன்னாள்: "ஒங்க மெஷின் மாதிரியே போர்மேன் ஒன்னு வாங்கிட்டாரு. இன்னைக்கு எங்க ரூம் கதவுக்குக் கீலு முடுக்குனாக. அஞ்சு நிமிசம்தான்."

அலமாரிக்குள் பார்த்த நீலப் பொறிதான் கண் முன்னால் வந்தது. இவளோடு சேர்த்து நாலு பெண்கள் மருந்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே முடுக்கியிருக்கிறார்கள். கதவைக் கழற்றி, தூரத்தில் மரத்தடிக்குத் தூக்கிப் போய், கை டிரில்லால் துளை போட்டுக் கொண்டுவந்து மாட்டுவதுதான் முறை. அதற்கு ரூமைக் காலிசெய்து அரை நாள் நிறுத்த வேண்டும். சீசன் நேரத்தில் எந்தக் கம்பெனிக்கு அதற்கு மனசு வரும்?

மறுநாள் காலையில் போய், ஆபீஸின் ஸ்டோர் ரூம் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, போர்மேனுடைய டிரில்லையே ஓட்டிக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "ஆமா, தெரியுது" என்றார். டிரில்லை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நல்ல மெஷின்னு நீங்கதான சொன்னீக?"

"நல்ல மெஷின்தான் அண்ணாச்சி. மருந்து ரூம் பக்கம் மட்டும் கொண்டு போகாதீக."

"எங்கன வேணும்னாலும் கொண்டு போகலாம்னீகளே."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"சரி விடுங்க. வாசல்ல நின்னுதான முடுக்குறோம்" என்று டிரில்லை மேஜைமேல் வைத்தார். எடுப்பதற்குத் தோதாக, கைப்பிடி தன் பக்கம் இருக்கும்படி வைத்தார்.

ஊதுகிற சங்கை ஊதிவிடுவோம் என்று முதலாளியையும் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொன்னார், காபி வாங்கிக் கொடுத்தார், பார்த்துக்கொள்கிறேன் என்றார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். ஒரு வாரத்தில் என் மனைவியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆள் கிடைக்காமல் ஊர் ஊராக வேன் அனுப்புகிற சீசனில், இவளுக்கு மட்டும் ஆர்டர் இல்லையாம்.

நான் ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருந்தேன். அவளுக்கு அப்படி இல்லை. "அந்த மூணு பேரையும் உள்ள விட்டுட்டு என்னைய மட்டும் வெளிய கொண்டாந்துட்டீக" என்றாள். இப்போது பக்கத்துப் பிரஸ்ஸில் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கிறாள். அந்த மூன்று பேரில் ஒருத்தி, இவளுக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள். இன்னும் அதே ரூமில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

சீசன் முடிந்த பிறகு ஒருநாள் டீக்கடையில் போர்மேன் என்னைப் பார்த்துவிட்டார். நாலு பேர் கேட்கிற மாதிரிச் சத்தமாக, "என்ன ஆசாரி, சீசன் பூரா அந்த மெஷினத்தான் ஓட்டுனோம். ஒன்னும் ஆகலையே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்டு நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கொதித்தது. மனைவி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஒன்னும் ஆகலையாம்! பல்லக் காட்டிட்டுச் சொல்றான்" என்று கத்தினேன்.

"நல்லதுதான?" என்றாள்.

"அப்ப நான் சொன்னதெல்லாம் பொய்யா? ஊருல எல்லாரும் என்னையக் கிறுக்கன்னு சொல்லவா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப என்ன ஆயிருக்கணும்ங்கிறீக?"

ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் சொன்னேன். ஆனால் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரமும் அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.