சகாயத்துக்கு வந்த எட்டு எம்.எம். கல்

ஆனைக்கரையில் ஏலக்காய் ஸ்டோர்கள் பல உண்டு. சகாயம் வேலை பார்க்கும் ஸ்டோரை மட்டும் யாரிடமும் வழி கேட்காமல் கண்டுபிடித்துவிடலாம். ரோட்டில் நின்றாலே அவள் குரல் கேட்கும். காய்ந்த ஏலக்காயைத் தரம் பிரிக்கிற பன்னிரண்டு பெண்களுக்கு அவள்தான் மேற்பார்வை. சல்லடை மெஷின் அளவு பிரித்துக் கொட்டியதை ஒரு கை அள்ளிப் பார்த்து, "இதுல ஏழு எம்.எம். கலந்து கெடக்கு, திரும்பப் போடு" என்பாள். அளந்து பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். இருபத்தாறு வருஷத்துப் பழக்கம்.

கணவர் சுவக்கீன் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார். பேச இடம் கிடைப்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

போன மே மாதம் சொந்தக்காரர் வீட்டில் ஒரு ஞானஸ்நானம். கப்பைக்கிழங்கும் மாட்டிறைச்சி வறுவலும் நன்றாக இருக்கவே, சகாயம் இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். மூன்று மணி வாக்கில் வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்துக்கொண்டது. வலி அப்படியே முதுகு வழியாக வலது தோள்பட்டைக்கு ஏறியது. வேர்த்துக் கொட்டியது.

"கேஸுதான்" என்று அவளே சொல்லி, ஓமத்தண்ணி குடித்துப் படுத்தாள். இரண்டு மணி நேரத்தில் விட்டது. இதற்கு முன்னால் இரண்டு விருந்துகளிலும் இதே மாதிரி வந்து போயிருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. சிறுநீர் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில் போனது. ஸ்டோர் ஜன்னல் வெளிச்சத்தில் அவளைப் பார்த்த மௌனிகா, தரம் பிரிக்கும் பெண்களில் ஒருத்தி, கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"யக்கா, ஒங்க கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கு!"

மஞ்சக்காமாலை என்று ஸ்டோர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. உலர்த்துகிற அறையில் அடுப்புக்குத் தீ போடும் சங்கையா, கீழாநெல்லியை வேரோடு பிடுங்கிக் கட்டாகக் கொண்டுவந்தார். "அரைச்சு மோருல குடி தாயி, ஒரே வாரத்துல வெளுத்துரும்" என்றார். ஒட்டிக்கொள்ளும் நோய் என்று பயந்து, பெண்கள் அவளுடைய டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்கள். சகாயம் உப்பில்லாக் கஞ்சியோடு வாசல் பக்கம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அவளுடைய சத்தம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

ஐந்தாம் நாள் காலையில் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. சுவக்கீன் வாசலில் வந்து நின்றார்.

"கெளம்பு."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"வெள்ளிக்கிழம லோடு போகணும்ங்க, நான் இல்லாட்டி அவளுக ஏழையும் எட்டையும்..."

"ஜீப்பு ஸ்டார்ட்ல நிக்குது."

கட்டப்பனையில் ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே இருந்த டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் தாமதிக்காமல் கோட்டயத்துக்கு அனுப்பினார். கோட்டயத்தில் அவளைப் பார்த்தவர் டாக்டர் ஜிபின். பீர்மேட்டுக்காரர். எஸ்டேட் பிள்ளைகளோடு படித்து வளர்ந்ததால் மலையாளம் கலந்த தமிழ் அவருக்குச் சரளமாக வந்தது.

"சேச்சி, பித்தப்பையில கொறே கல்லு உண்டு, ஏகப்பட்டது. அதுல ஒண்ணு வழுக்கி எறங்கி, பித்தம் போற குழாய்ல அடைச்சுக்கிட்டு நிக்குது. பித்தம் போக வழியில்லாம ரத்தத்துல ஏறுது. அதான் மஞ்ச. அடைச்ச எடத்துல பழுப்பு, அதாவது சீழு, ஏறினதுதான் காய்ச்சல். இது யாருக்கும் ஒட்டாது."

"எவ்வளவு பெரிய கல்லு டாக்டர்?"

"எட்டு எம்.எம். வரும்."

காய்ச்சலோடு படுத்திருந்த சகாயம் தலையைத் தூக்கினாள். "எட்டா? எங்க ஸ்டோர்ல எட்டுன்னா முதல் தரம்! அதுக்குத் தனிச் சாக்கு!"

டாக்டர் சிரித்துவிட்டார். சகாயம் உடனே மௌனிகாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள்.

"ஒட்டாதாம்டி. கல்லாம். எல்லாரும் கேட்டுக்கங்க."

அந்தப் பக்கம் மௌனிகா மூக்கை உறிஞ்சினாள். "மன்னிச்சிருங்கக்கா. ஒங்க டம்ளர இப்பவே எங்களோடத்தோட வச்சிர்றேன்."

அன்றே காய்ச்சலுக்கு ஊசி மருந்து ஏறத் தொடங்கியது. வைத்தியம் இரண்டு கட்டமாக நடக்கும் என்றார் டாக்டர். முதலில் வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை இறக்கி, பித்தக்குழாய் குடலில் வந்து சேரும் வாயைச் சிறிதாகக் கீறி, அடைத்த கல்லைப் பித்தக்குழாயிலிருந்து இழுத்துவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டுப் பித்தப்பையையே எடுத்துவிடுவார்கள். கல் உண்டாகும் இடமே அதுதான். அது இல்லாமலும் மனுஷர் நன்றாக வாழலாம்.

சகாயத்துக்கு வயிற்றைப் பற்றிக் கவலையில்லை. "தொண்டை வழியாவா? கொரலு போயிருமா?"

"போகாது சேச்சி. ரெண்டு நாள் கரகரன்னு இருக்கும், அவ்வளவுதான்."

சம்மதப் பேப்பரில் கையெழுத்துப் போட வந்த சுவக்கீன் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மலைப்பாதையில் முப்பது வருஷம் தயங்காமல் ஸ்டீயரிங் பிடித்த கை. சகாயம்தான் அதட்டினாள்: "போடுங்க. ஜீப்ப விக்கிற பத்திரமா இது?"

மயக்க மருந்து கொடுத்தது வரைக்கும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. கண் திறந்ததும், "எப்பத் தொடங்குவீங்க?" என்று கேட்கப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. எல்லாம் முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பித்தம் தங்குதடையில்லாமல் இறங்க உள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயும் வைத்திருந்தார்கள்.

சுவக்கீன் நர்ஸைத் தேடி ஓடினார். "சிஸ்டர், இவ பேச மாட்டேங்கிறா!"

நர்ஸ் டின்சி வந்து பார்த்து, "தொண்டை புண்ணாயிருக்கு சேட்டா. நாளைக்குச் சரியாகும்" என்றாள்.

சுவக்கீன் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அந்த அமைதி அவருக்குப் பழக்கமில்லை. எதையாவது சொல்லி அதை நிரப்ப ஆரம்பித்தார். கேண்டீன் சாம்பாரில் தொடங்கினார். குமுளி இறக்கத்தில் ஒருமுறை பிரேக் பிடிக்காமல் போனதை, இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததை, சொன்னார். கடைசியில், கல்யாணத்துக்கு முந்தின கதைக்கு வந்தார்.

"சக்குபள்ளத்துல நீ மொத நாளு ஜீப்புல ஏறி, சீட்டு இல்லன்னு என்கிட்டச் சண்ட போட்டேல்ல? அதுக்கப்புறம் ஒரு மாசம் சுத்து வழியாத்தான் ஓட்டுனேன். மத்தவங்கள எல்லாம் எறக்கிவிட்டு, ஒன்னக் கடைசியா எறக்கணும்னு."

"அடப்பாவி மனுசா" என்று கரகரத்த காற்றில் சொல்லி, சகாயம் அவர் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள். அந்த மாதம் முழுக்க வேலைக்குப் பிந்திப்போய் ஏச்சு வாங்கியவள் அவள்தானே. ஆனால் அடித்த கையை எடுக்கவில்லை. சாயங்காலம் வரை அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் ஆபரேஷனும் நல்லபடி நடந்தது. ஆபரேஷனுக்காக வயிற்றை ஊதவைத்த காற்று மிச்சமிருந்து தோளில் வலித்தது. நடந்தால் போகும் என்று டின்சி சொல்ல, சகாயம் வராண்டாவில் அடுத்த கட்டில்காரர்களையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு நடந்தாள். குரல் முழுசாகத் திரும்பியிருந்தது. பித்தப்பையிலிருந்து எடுத்த கற்களை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். ஜன்னலோரம் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

"பதினொண்ணு. எல்லாம் அஞ்சுக்குக் கீழ, சாதா சரக்கு. அந்த எட்டு எங்க டாக்டர்?"

"அத குடலுக்குள்ளயே விட்டாச்சு சேச்சி. தானா வெளிய போயிருக்கும்."

"முதல் தரத்த விட்டுட்டீங்களே!" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்துப் போய், உள்ளே வைத்த பிளாஸ்டிக் குழாயையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பத்து நிமிஷ வேலை. ஏலக்காய் பறிப்பு மும்முரமாவதற்குள் சகாயம் ஸ்டோருக்குத் திரும்பிவிட்டாள். இப்போது மாட்டிறைச்சி ஒரு தடவைதான், அதுவும் அளவாக.

அதன் பிறகு யாராவது விலாவுக்குக் கீழே கை வைத்துக் "கேஸு" என்று சொன்னால், அவர்களை ஜீப்பில் ஏற்றாமல் அவள் விடுவதில்லை. இதுவரை நாலு பேர். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. ஒருத்திக்குக் குடல்புண், மருந்தில் சரியானது. நாலாவது ஆள் சங்கையா. சுமை தூக்கி விலா சுளுக்கிக்கொண்டவரையும் விடாமல் ஸ்கேனுக்குக் கொண்டுபோனாள். சுளுக்குக்குத் தைலம் போதும் என்றார்கள். ஆனால் பித்தப்பையில் இரண்டு கல் இருந்தது. அது எந்தத் தொந்தரவும் செய்யாததால் அப்படியே இருக்கட்டும், எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சங்கையா திரும்பி வரும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

"ஒனக்கு மட்டும் எடுத்தாக தாயி. என் கல்லு என்ன, எளப்பமா?"

"சும்மா இருங்கண்ணே, அதத் தூங்க விடுங்க" என்றாள் சகாயம். முன் சீட்டில் சுவக்கீன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் பேச்சை நிறுத்திக்கொண்டு, "நீங்க சொல்லுங்க" என்றாள்.