ஜன்னலில் இல்லாத மீன்

ஆறு பேருக்கு ஒரே அலமாரி இருந்த எங்கள் வீட்டுக்கு அண்ணி மருமகளாக வந்த நாளிலிருந்து, "அண்ணி, என் சீப்பு எங்க?", "ஏம்மா, சாவியைப் பார்த்தியா?" என்ற கூச்சலில்தான் அவருக்குப் பொழுது விடியும். அடுப்பிலிருந்து திரும்பாமலே பதில் சொல்வார். "சாவி உங்க சட்டைப் பையிலதான் மாமா. கையை விட்டுப் பாருங்க."

அப்படிப்பட்டவர் ஓய்வு நேரத்திலும் போனில் பொருள் தேடும் விளையாட்டை ஆடுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நாங்கள் இருவரும் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறோம். முன்னால் நின்று பேசுவது அண்ணி. உள்ளறையில் லென்ஸ் துடைப்பது, திருகாணி மாட்டுவது நான். சாப்பாட்டு வேளையில் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பேன். திரையில் ஒரு வீடு அலங்கோலமாகக் கிடக்கும். ஃபிரிட்ஜுக்குள் செருப்பு. நீதிபதி உடையில் ஒரு கோழி. குளியல் தொட்டியில் கரடி உட்கார்ந்து பேப்பர் படிக்கும். அத்தனைக்கும் நடுவே ஒரு கத்தரிக்கோலைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"வீட்டுல தேடுறது போதாதா அண்ணி?"

"வீட்டுல தேடினா கிடைக்கும்னு யாரு சொன்னா? இதுல கண்டிப்பா இருக்கும். கண்ணு முன்னாடியே இருக்கும். கண்டுபிடிச்சதும் 'அடச்சீ, இங்கயா இருந்தே'ன்னு ஒரு சிரிப்பு வரும் பாரு, அதுக்குத்தான்."

அந்தச் சிரிப்பை அவர் கடை ஜன்னலுக்கே கொண்டுவந்தார். தூசி படிந்த பொம்மைத் தலைகளை அகற்றிவிட்டு, வீட்டில் கிடந்த சாமான்களை அடுக்கினார். ஒரு தேநீர்க் கெட்டில் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது. துணிக்குரங்கு ஒரு முதலைக்குப் பல் பார்த்தது. 'முட்டை, பல் துலக்கும் பிரஷ், மஞ்சள் மீன் - கண்டுபிடியுங்கள்' என்று ஓர் அட்டை.

"வியாபாரம் வந்தா இருக்கட்டும்" என்றார் முதலாளி. "இல்லேன்னா அந்த இடத்துல தள்ளுபடி போர்டுதான்."

வியாபாரம் வந்தது. மேஜை விளக்கில் பல்பு மாட்டும் இடத்தில் முட்டையைப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலையின் வால் ஓரத்தில் பிரஷ்ஷும் அகப்பட்டது. மீன் மட்டும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. "பார்வை மங்கிடுச்சு போல" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்து பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

பால் வண்டி ஓட்டுபவரும் வந்தார். கண் நன்றாக இருக்கிறது என்று பரிசோதித்தவர் சொன்னதை அவர் நம்பவில்லை.

"நல்லா இருந்தா மீன் ஏன் தெரியல? மறைக்காதீங்க சார். கண்ணு போனவன் வண்டி ஓட்டக் கூடாது. சாவியை மச்சான்கிட்ட குடுத்துடப் போறேன்."

அவர் தொங்கிய முகத்தோடு போன மறுநாள், பழுது பார்க்கும் தட்டை நான் துடைத்தேன். ஒடிந்த கண்ணாடிக் கால்களுக்கு அடியில் மஞ்சள் மீன் படுத்திருந்தது. வால் உடைந்ததை அண்ணி ஃபிரேம் பசையால் ஒட்டி, மற்ற ஃபிரேம்களோடு காய வைத்துவிட்டு மறந்திருக்கிறார். அண்ணியிடம் நீட்டினேன். அண்ணியின் முகம் செத்துவிட்டது.

முதலாளி பதறவில்லை. "யாருக்கும் தெரியாம ஜன்னல்ல வெச்சிடும்மா."

"அந்த மனுஷன் வண்டியை விடப் போறாரே சார்?"

"வெளிய சொன்னா கடை பேரு கெட்டுப்போகும். சொல்றதா இருந்தா ஜன்னலை மறந்துடு."

அந்த ஜன்னல் என்றால் அண்ணிக்கு உயிர். ஒரு நிமிடம் அதையே பார்த்தார். பிறகு மீனை எடுத்துக்கொண்டு, எதிர்க்கடையில் பால் இறக்கிக்கொண்டிருந்த அவரிடம் விறுவிறுவென்று போனார். நாலு பேர் காதில் விழும்படியே சொன்னார்.

"அண்ணே, உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல. மீனை நான் வைக்கவே இல்ல. ஒட்டிக் காய வெச்சுட்டு மறந்துட்டேன். தப்பு என்னோடது."

அவர் மீனைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "அடப்பாவமே! பார்வை போறதுக்குள்ள நல்லா பார்த்துக்கலாம்னு வீட்டுக்காரி முகத்தையே உத்து உத்துப் பார்த்தேன் தங்கச்சி. அவ, 'என்ன தப்பு பண்ணிட்டு வந்தே'ன்னு கேட்டு உயிரை எடுக்குறா!"

தெரு சிரித்தது. ஆனால் ஜன்னல் முன்னால் நிற்க ஆளில்லை. "இதுல என்ன இல்லையோ" என்று கிண்டலடித்துவிட்டு நடந்தார்கள். முதலாளி தள்ளுபடி போர்டை வெளியே எடுத்தார்.

"ஒரே ஒரு தடவை சார்" என்றார் அண்ணி. கெஞ்சவில்லை, முடிவு செய்துவிட்டவர் குரல் அது.

மறுநாள் ஜன்னலில் எல்லாமே கண்ணாடி போட்டிருந்தன. குரங்கு, முதலை, துடைப்பம், என் டீ டம்ளர் உட்பட. கடையில் வேலை பார்க்கும் நாங்களும் ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டோம். அட்டையில் ஒரே கேள்வி. 'இந்தக் கடையில் கண்ணாடி போடாத ஒருவர் எங்கே?'

பால் வண்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இந்த ஆளையும் காய வெச்சிருக்கியா?"

"இல்லண்ணே. இருக்காரு. தேடுங்க."

அவர் மூக்கை ஜன்னலில் அழுத்தினார். பின்னால் கூட்டம் சேர்ந்தது. பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிய அவர் பார்வை, ஜன்னலுக்கு அப்பால் கல்லாவுக்குப் போனது. அங்கே முதலாளி பேப்பரைக் கைக்கு எட்டிய தூரம் வரை தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கி, ஒரு வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது என்பார்கள் என்று கண்ணாடி போட மறுப்பவர் அவர்.

"அடச்சீ, இங்கயா இருக்கீங்க!" என்று பால் வண்டிக்காரர் விரலை நீட்டியதும் தெருவே வெடித்துச் சிரித்தது.

முதலாளி நிமிர்ந்தார். "யாரைப் பார்த்துய்யா சிரிக்கிறீங்க?"

"தேடினது கிடைச்சிடுச்சு சார்" என்றார் அண்ணி.

முதலாளி வெளியே வந்து அட்டையை எட்டத்தில் நின்று படித்தார். கூட்டத்தை ஒருமுறை நோட்டம் விட்டார். உள்ளே போய், எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்படி கல்லா நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பேப்பரை மறுபடி தள்ளிப் பிடித்தார்.