கலங்கல் கடலுக்கு அறுபதா, நூறா?

தண்ணீருக்கடியில் படம் எடுக்கும் வேலையில், மீன் நம்மைப் பார்த்துப் பயப்படுவதைவிட நாம் கேமராவைப் பார்த்துப் பயப்படுவதுதான் அதிகம். அலுவலகக் கேமராவோடு கடலில் இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். விலங்கியல் முடித்துவிட்டு, மீமிசல் கரையோரக் கடற்புல்லில் வாழும் சிறு உயிர்களைக் கணக்கெடுக்கும் திட்டத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். நக அளவு உயிரைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ் எதை வாங்கலாம் என்று எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. அறுபது எம்.எம்.மா, நூறு எம்.எம்.மா? கேமராவை வைக்கும் தண்ணீர் புகாத பெட்டியின் முன்கண்ணாடி லென்சுக்கு லென்ஸ் மாறும். அதனால் ஒரு செட்தான் வாங்குவார்கள். தவறாகச் சொன்னால் திட்டம் முடியும்வரை அந்தத் தவறோடுதான் முங்க வேண்டும்.

கேன் தண்ணீர்

இரண்டு லென்சையும் முன்கண்ணாடிகளோடு திருச்சியில் வாடகைக்கு எடுத்தோம். புதுக்கோட்டை அலுவலகத்தில் ஒரு மீன் தொட்டியில் குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்து, சின்னச் சிப்பி ஒன்றைப் போட்டுப் படம் எடுத்தேன். அறுபதுக்கு நாலு விரல் கிட்டே போக வேண்டும். நூறுக்கு ஒரு சாண் தள்ளி நின்றால் போதும். உயிர் மிரளாது, வெளிச்சமும் தாராளமாக விழும். நூறே சிறந்தது என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். மூன்று முறை எழுத்துப்பிழை பார்த்தேன். திட்டத் தலைவி மேடம் படித்துவிட்டுச் சொன்னார்:

"தெளிவா இருக்கும்மா. திங்கக்கிழமை ஆர்டர் போட்டுருவோம்."

மடியில் ஒரு பெட்டி

ஆர்டர் போகுமுன் கடலிலும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மீமிசலுக்குப் பஸ் ஏறினேன். பெட்டி அலுமினியம், இரண்டு பக்கமும் கைப்பிடி, சுற்றிலும் திருகுகள். கீழே வைக்கப் பயந்து மடியிலேயே வைத்திருந்தேன். அறந்தாங்கி தாண்டியதும் கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"குக்கருக்கு டிக்கெட் வேணாம்மா. விசில் வந்தா மட்டும் சொல்லுங்க, எறங்கிக்கிறோம்."

தேங்காய்ப் பூ

படகுக்காரர் முனியசாமி அண்ணன் நெஞ்சளவு தண்ணீரில் என்னை இறக்கிவிட்டார். குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு குப்புற மிதந்தேன். டீ நிறத்தில் கடல். நூறு எம்.எம்.மில் நாற்பது படம் எடுத்தேன். நாற்பதிலும் தேங்காய்ப் பூ தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். அந்த ஒரு சாண் இடைவெளியில் மிதந்த தூசி முழுவதையும் பிளாஷ் அழகாகப் படம் பிடித்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்த உயிரைத்தான் காணோம். தொட்டியில் நன்றாக வந்ததே என்று புலம்பியபோது, என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று அண்ணன் கேட்டார். உண்மையைச் சொன்னேன்.

"அப்பிடின்னா ஒங்களுக்காகக் கடல மாத்த முடியாதும்மா. லென்ச மாத்திப் பாருங்க."

அறுபதை நான் கொண்டுபோகவே இல்லை.

மூன்று வீட்டுக் கழுநீர்

மறுநாள் ஞாயிறு. திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டிலும் பக்கத்து இரண்டு வீடுகளிலும் அரிசி கழுவிய தண்ணீரை வாங்கி, கடல் அளவுக்குக் கலங்கும்வரை பச்சைத்தண்ணீர் விட்டு அண்டாவில் கலக்கினேன். உள்ளே மஞ்சள் பொடிப் பாக்கெட். நூறில் வெறும் வெள்ளை. அறுபதில், நாலு விரல் தூரத்தில், பாக்கெட்டின் பொடி எழுத்துகூடத் தெரிந்தது. நடுவில் தண்ணீர் குறைந்தால் தூசியும் குறையும், அவ்வளவுதான் விஷயம். இது ஏன் கேன் தண்ணீரை ஊற்றும்போது தோன்றவில்லை என்று எனக்கு அழுகை வந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"மாட்டுக்கு வைக்கிறதுல படிச்ச படிப்பு அம்புட்டையும் முக்கிப்புட்டியே ஆத்தா, ஏதாச்சும் தெரிஞ்சுச்சா?"

திருப்பி வாங்கிய கடிதம்

ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. நீட்டிப்பது மேடம் கையில். பேசாமல் இருந்தால் என் கடிதம் நல்ல கடிதமாகவே இருந்துவிடும். திங்கள் காலை ஆர்டர் போகுமுன் மேடம் அறைக்குப் போய், "நான் எழுதிக் கொடுத்தது தப்பு மேடம்" என்றேன். கழுநீர்ப் படங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"கழுநீர வச்சு நான் ஆர்டர மாத்த முடியாதும்மா. வெள்ளிக்கிழமை நானும் கடலுக்கு வாரேன். அங்க காட்டுங்க, இல்லேன்னா நூறுதான்."

கண் வைத்த முட்டை

வெள்ளிக்கிழமை கடல் இன்னும் மோசம். மேடம் படகில், நான் தண்ணீரில், அறுபது கேமராவில். நாலு விரல் கிட்டே போனால் பெட்டியின் நிழலே உயிரின் மேல் விழும். பிளாஷ் இரண்டையும் யானைக் காது போலப் பக்கவாட்டில் விரித்தேன். கடற்புல் தாள் ஒன்றில் பச்சை இறால் ஒன்று, சுண்டுவிரல் நக நீளம், புல்லோடு புல்லாக ஒட்டியிருந்தது. புல் ஆட, நானும் கூடவே ஆடினேன். பதினேழாவது படம் எடுத்ததும் வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டு எழுந்தேன்.

படகில் கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கினோம். இறாலின் வயிற்றடியில் முட்டைகள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள், பிறக்கப்போகும் குஞ்சின் கண்கள். ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை. முனியசாமி அண்ணன் கையைத் துடைத்துவிட்டுத் திரையைத் தொட்டார். "கூடை கூடையா எறால் பாத்திருக்கேன், முட்டைக்குள்ள இருந்து ஒண்ணும் என்னயப் பாத்ததில்ல" என்றார். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை, மாட்டிக்கொண்டு ஒரு முறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நூறைத் திருச்சிக்கே திருப்பி அனுப்பிருங்க. நீங்க இருங்க."

எந்த லென்ஸ் வாங்கலாம் என்று இப்போது யார் கேட்டாலும், முதலில் உங்கள் ஊர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வாருங்கள் என்கிறேன். இதுவரை ஒருவரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.