சுண்ணாம்புக்குக் கீழே ஒரு சாபம்

1989 பிப்ரவரி. சனிக்கிழமை காலை ஏழரைக்குத் தாம்பரத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். ஊரப்பாக்கத்துக்குப் பத்து கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். குறுக்கே ஒரு லாரி பழுதாகி நின்றதால் பெருங்களத்தூர் சந்திப்பில் பஸ் இருபது நிமிடம் நகரவேயில்லை. பக்கத்து இருக்கைக்காரர் தன் வீட்டு மழைக்கதையைச் சொன்னார். நானும் விடவில்லை. சேலையூரில் என் வீட்டுக்குள் வருஷாவருஷம் முழங்காலளவு தண்ணீர் வருவதைச் சொல்லி, மழையைத் திட்டித் தீர்த்தேன்.

நான் பள்ளியில் சரித்திர வாத்தியார். எங்கள் பள்ளி அலுவலக உதவியாளர் ஆரோக்கியம்தான் அழைத்திருந்தார். அவருடைய கிராமத்து ஏரி வாய்க்காலைத் தூர்த்து மனை போட ஒருவர் முளைக்குச்சி அடித்துவிட்டாராம். திங்கட்கிழமை தாலுகா அலுவலகத்தில் விசாரணை. ஊர்க்காரர்களிடம் ஒரு காகிதமும் கிடையாது. மதகடியில் எழுத்துள்ள ஒரு பழைய கல் மட்டும் இருக்கிறது.

ஒன்பதரை மணி. ஊரப்பாக்கம் ஸ்டாப்பில் காத்திருந்த ஆரோக்கியத்தோடு மேற்கே நான்கு கிலோமீட்டர் நடந்து மதகை அடைந்தோம். ஆரோக்கியத்தின் நண்பர் கன்னியப்பன் கல்லுக்குப் பக்கத்தில் பெருமையாக நின்றிருந்தார்.

"வாங்க சார். நீங்க வரீங்கன்னு ரெண்டு கோட்டிங் சுண்ணாம்பு அட்ச்சி வச்சிகீறேன்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பொங்கலுக்குக் கன்னியப்பன் வீட்டார், கிறிஸ்துமஸுக்கு ஆரோக்கியம் வீட்டார் என்று தலைமுறை தலைமுறையாக அந்தக் கல்லுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். மரியாதை ஏற ஏற எழுத்து மூடிக்கொண்டே போயிருக்கிறது.

தேங்காய் நாரும் தண்ணீருமாக மூவரும் உட்கார்ந்தோம். மதியம் இரண்டு மணிக்கு மேல் எழுத்து தெரிந்தது. பதினேழாம் நூற்றாண்டின் சாயல். யாரோ ஒரு சிற்றரசன் வாய்க்காலை ஊருக்கு விட்டுக்கொடுத்திருந்தான். இதை மீறுகிறவனைப் படையை அனுப்பிப் பிடிப்பேன் என்று அவன் சொல்லவில்லை. தன் ஆட்சி நாளைக்கே போய்விடலாம் என்று தெரிந்திருக்கும். அதனால் காவலை அவரவர் சாமியிடம் ஒப்படைத்திருந்தான். சிவனையோ பெருமாளையோ கும்பிடுகிறவர் வாய்க்காலை அழித்தால் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம். முஸ்லிம் அழித்தால் மெக்காவில் பெரும்பாவம் செய்த குற்றம். பாடப்புத்தகத்தில் பதினெட்டு வருஷம் நான் நடத்திய 'அரசும் சமயமும்' என் விரலுக்கடியில் ஈரமாக இருந்தது.

ஆரோக்கியம் மெதுவாகக் கேட்டார். "எங்களுக்கு இன்னா சாபம் போட்டுகீது சார்?"

தேடினேன். மண் மட்டம் வரை கிறிஸ்தவர்களைப் பற்றி ஒன்றுமில்லை.

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப இந்தத் தண்ணி எங்க ஆளுங்களுது இல்லியா?"

சாபத்தில் பேர் இல்லையென்றால் ஊரிலும் இல்லை என்று அந்த மனிதர் கலங்கிப்போனார். கன்னியப்பன் கடப்பாரையை எடுத்தார்.

"இன்னா மச்சான் பேஜார் பண்றே. கல்லு இன்னும் உள்ள கீது. தோண்டிப் பாத்துட்டு அழு."

முக்கால் மணி நேரம் அவர் ஒருவரே தோண்டினார். ஒன்றரை அடி ஆழத்தில் கடைசி வரி கிடைத்தது. வேறு எவராகிலும் அழித்தால் பெற்ற தாயையும் தகப்பனையும் கொன்ற பாவத்திலே போவார்.

"எவராகிலும்னா நாங்களும் உண்டுதானே சார்?"

"எல்லாரும் உண்டு ஆரோக்கியம்."

சாபம் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு மனிதன் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். தாலுகா அலுவலகத்துக்கு, கல்லைப் படித்தவன் என்ற முறையில் நானே எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதாகச் சொல்லி, மாலை ஐந்தேகால் பஸ்ஸில் திரும்பினேன்.

ஏழு மணிக்கு எழுத உட்கார்ந்தேன். ஒரு பத்திரத்தில் எல்லைகளை எப்படி எழுதுவார்கள் என்று பார்க்க, எங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பிரித்தேன். 1982இல் நான் கையெழுத்துப் போட்டு வாங்கிய மனை. 'வடக்கே ஏரி வாய்க்கால்' என்றிருந்தது. வடக்கு ஜன்னலைத் திறந்தேன். என் காம்பவுண்டுச் சுவர், அதை ஒட்டிப் பக்கத்து வீட்டுச் சுவர், இரண்டுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை.

நாற்காலிக்குத் திரும்பி, கல்லில் கண்டதை முதல் வரியிலிருந்து எழுதினேன். 'எவராகிலும்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பிறகு அதையும் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.