எதைப் போலவும் இல்லாதது

மாணவர் இதழ் ஒன்றுக்காக, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கு லீவில் வந்திருந்த ஒரு விஞ்ஞானியைப் பேட்டி காணப் போனேன். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில், லேசர் ஒளியால் அணுக்களைப் பிடித்து வரிசையாக நிறுத்தும் குவாண்டம் சிமுலேட்டரில் வேலை செய்கிறவர். சாரமும் பெனியனும், நரைத்த தாடி. நான் ஓர் உவமையைச் சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டி மறுத்துவிடுவார்.

பல அணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படி எழுதுவது?

"இரட்டைப் பிள்ளையள் மாதிரியோ, அண்ணை?"

"இல்லை."

"தேர் வடம் இழுக்கிற சனம் மாதிரியோ?"

"இல்லைத் தம்பி. வடம் இழுக்கிற ஒவ்வொருத்தனுக்கும் தன்ரை பலம் எண்டு ஒண்டு இருக்கு. இதில தனி அணுவுக்கெண்டு ஒரு நிலை இல்லை. எல்லாம் சேர்ந்துதான் ஒரு நிலை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப எது மாதிரி எண்டு நீங்களே சொல்லுங்கோவன்!"

அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

"அது தெரிஞ்சால் நான் ஏன் அந்தக் குளிருக்கை கிடக்கிறன்? உலோகத்துக்குள்ளை எலெக்ட்ரோன்கள் பின்னிக் கிடக்கிறதை முழுசாக் கணக்குப் போடக் கம்பியூட்டருக்கு ஏலாது. அதுமாதிரி வேறை ஒண்டும் இல்லாதபடியால்தானே, அணுக்களை அடுக்கி அதுமாதிரி ஒண்டை நாங்களே செய்து பாக்கிறம்!"

என் உவமைகளை எல்லாம் வெட்டிவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். இதழ் வந்தது. கட்டுரைக்கு மேலே ஆசிரியர் பெரிதாக ஒரு படம் போட்டிருந்தார்: ஒரே சட்டை அணிந்த இரட்டைக் குழந்தைகள்.

அவருக்கு அனுப்பவேண்டிய பிரதி இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. அதைக் கையில் எடுத்தாலே அந்தத் தலை ஆடத் தொடங்கிவிடுகிறது.